நம்ம ஊர் இளைஞர்களுக்கான பணம் எந்தக் கணக்குல இருக்கு?

(அனுப்பம்பட்டில், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவங்க முழுசா படிச்சுட்டு உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல போடுங்க.)



மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சின்ன ஸ்டேஷன் ஊருக்கு, வலையைக் காயப் போட்டுட்டு, பஸ் மாறி வந்திருக்கீங்க. இதைப் போன்ல படிக்கிற நீங்களும் ஒரு கால் மணி நேரம் கொடுங்க. வாக்குறுதி எதுவும் தர நான் வரல. ஒரு கணக்கு சொல்ல வந்திருக்கேன்.

கடலோரக் காவல் படையில நாவிக் வேலைக்குப் போகணும்னா 1.6 கிலோமீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். கூடவே 20 தடவை உட்கார்ந்து எழுந்திரிக்கணும், 10 தண்டால் எடுக்கணும். பிறந்ததுல இருந்து கடலைப் பார்த்து வளர்ந்த நம்ம பையனுக்கு இது பெரிய விஷயமா? ஆனா அவன் எங்க ஓடிப் பழகுவான்? மணல்ல ஓடினா கால் புதையுது. தார் ரோட்டுல ஓடினா எதிர்ல மீன் லாரி வருது. 400 மீட்டர் சுத்தி வர ஒரு மட்டமான இடம் இருந்தா நாலு சுத்துல முடியற பயிற்சி. அந்த இடம் இல்லாததால விண்ணப்பமே போடாத பிள்ளைங்க இருக்காங்க. பெண் பிள்ளைங்களைப் பத்திச் சொல்லவே வேணாம், அவங்களுக்கு அந்த தார் ரோடு கூட கிடையாது.

இதுக்கு அரசாங்கம் பணமே தரலையான்னு கேட்டா, தந்திருக்கு. ஆட்சி மாறி மாறித் தந்திருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய்னு ஒதுக்கி, நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைச்சாங்க. அப்புறம் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் வந்தது. 2020-ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024-ல் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட், ஊராட்சிக்கு ஊராட்சி பேட்டும் பந்தும் வலையும் கொடுத்தாங்க.

கொடுத்ததைக் குறை சொல்லல. ஆனா இது எல்லாத்துலயும் ஒரு ஒற்றுமை இருக்கு, பாருங்க. என்ன தேவைன்னு முடிவு பண்ணினது சென்னையில. மேடவாக்கத்துக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரே பட்டியல். பந்து வரும், ஆடுற இடம் வராது. இடம் இருக்கிற ஊர்ல சாமான் வைக்கிற அறையோட சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியாது. நூலகக் கட்டடம் நிற்கும், புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

நம்ம ஊரே முடிவு பண்ணிச் செலவழிக்கிற பணம்னு ஒண்ணு இருக்கா? இருக்கு. நான் பேச வந்தது அதைப் பத்தித்தான்.

கிராம ஊராட்சிக்கு முக்கியமா ரெண்டு வழியில மானியம் வருது. ஒண்ணு மாநில நிதிக்குழு மானியம். மாநில அரசோட சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுத் தர்றது. இதுல பெரும்பகுதி தெருவிளக்கு கரண்ட் பில், மோட்டார் பில், பணியாளர் சம்பளம்னு போயிடும். ரெண்டாவது ஒன்றிய அரசு தர்ற நிதிக்குழு மானியம். 2026 மார்ச்சோட முடியற 15-வது நிதிக்குழுக் காலத்துல அதுல 60 சதவீதம் கட்டுண்ட நிதியா இருந்துச்சு. குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம், வேற எதையும் தொடக்கூடாது. மீதி 40 சதவீதம் கட்டற்ற நிதியா இருந்துச்சு. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் போடக்கூடாதுங்கிறது தவிர, ஊருக்கு என்ன தேவையோ அதுக்குப் போடலாம். இளைஞர்களுக்கான பணம் ஒளிஞ்சிருக்கிற இடம் அந்தக் கட்டற்ற நிதி.

ஏன் "ஒளிஞ்சிருக்கு"ன்னு சொல்றேன்? அந்தப் பணத்தை அரசியலமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில் இருக்கிற 29 இனங்களுக்குள்ளதான் செலவழிக்கணும். அந்த 29-ஐ ஒண்ணு ஒண்ணா படிச்சுப் பாருங்க. விவசாயம் இருக்கு, கால்நடை இருக்கு, மீன்வளம் அஞ்சாவதா இருக்கு, பெண்கள் குழந்தைகள் மேம்பாடு இருக்கு. "இளைஞர்"ங்கிற சொல் எங்கயும் இல்ல. "விளையாட்டு"ங்கிற சொல்லும் இல்ல. கிராம சபையில ஒரு பையன் எழுந்து "இளைஞர்களுக்கு ஏதாவது செய்யுங்க"ன்னு கேட்டா, "அதுக்குத் தலைப்பு இல்ல தம்பி"ன்னு உட்கார வெச்சுடலாம்.

அதனால கேட்கிற விதத்தை மாத்தணும். நூலகம் 20-வது இனம். தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் 18-வது இனம். சமுதாயச் சொத்துகளைப் பராமரிக்கிறது 29-வது இனம். ஏற்கனவே இருக்கிற மைதானத்தைச் சமன்படுத்தி விளக்கு போடணும்னா 29-ல் கேளுங்க. படகு இன்ஜின் பழுது பார்க்கிற பயிற்சி, ஜி.பி.எஸ். கருவிப் பயிற்சி வேணும்னா அஞ்சையும் பதினெட்டையும் சேர்த்துக் கேளுங்க. பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கு, சொல்லிக் கொடுக்க ஆள் தேடி ரொம்ப தூரம் போக வேணாம். நூறு நாள் வேலையில செய்யக்கூடிய பணிகள்லயும் விளையாட்டு மைதானம் இருந்துச்சு. மண் வேலையை அப்படி ஒரு வேலைத் திட்டத்துல போட முடிஞ்சா, நிதிக்குழுப் பணம் விளக்குக்கும் கழிப்பறைக்கும் மிஞ்சும். கழிப்பறை சுகாதாரக் கணக்கு, அந்தக் கட்டுண்ட நிதியிலயே வரும். மைதானத்துல கழிப்பறை இல்லாம எந்தத் தங்கச்சியும் சாயந்திரம் ரெண்டு மணி நேரம் அங்க இருக்க முடியாதுங்கிறதை ஆம்பளைங்க நாம யோசிக்கிறதே இல்ல.

இப்ப கசப்பான விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம திருவள்ளூர் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்கள்ல 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுது. இப்ப தலைவர் இல்ல, வார்டு உறுப்பினர் இல்ல, தனி அலுவலர்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு நிதிக்குழு மானியத்தை விடுவிக்கக் கூடாதுங்கிறது அந்த மானியத்தோட நிபந்தனை. இது புதுசும் இல்ல. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ரத்தாச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சிதான். அப்பவும் ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வெச்சுது. அந்த மூணு வருஷத்துல 15 வயசுப் பையன் 18 ஆகிட்டான். நின்ன பணத்தை அப்புறம் பேசி வாங்கலாம், அவனுக்குப் போன வயசை வாங்க முடியாது.

ஐந்து வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தி முடிக்கணும்னு அரசியலமைப்புச் சட்டம் 243-ஈ பிரிவு சொல்லுது. ஆட்சியில யார் இருந்தாலும் இதைக் கேட்க வேண்டியது நம்ம கடமை. தேர்தல் வர்ற வரைக்கும் என்ன செய்யறது? கிராம சபை கலையல. மன்றம் இல்லாட்டியும் சபை கூடும். 18 வயசு ஆகி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் அதுல உறுப்பினர்.

இங்கதான் நம்ம குப்பங்கள்ல ஒரு சிக்கல். சொன்னா பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது. நமக்கு ரெண்டு பஞ்சாயத்து. ஒண்ணு ஊர்ப் பஞ்சாயத்து. ஏரியில யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் யார் வலை போடறதுன்னு தீர்க்கிறது அது. தலைமுறை தலைமுறையா ஏரியில சண்டை வராம பார்த்துக்கிட்டது, அதுக்கு மரியாதை உண்டு. இன்னொண்ணு கிராம ஊராட்சி. ஊர்ப் பஞ்சாயத்துல பேசி முடிச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு, கிராம சபைக்கு நாம போறதில்ல. ஊர்ப் பஞ்சாயத்துல பொண்ணுங்களுக்கும் இளசுங்களுக்கும் இடம் குறைவு. கிராம சபையில 18 வயசுத் தங்கச்சியோட கையும் 70 வயசு நாட்டாமையோட கையும் ஒண்ணு. இறாலைக் கையால தடவிப் பிடிச்சு வாழ்ற இருளர் குடும்பத்துப் பிள்ளையோட கையும் அதே ஒண்ணுதான். ஊர்ப் பஞ்சாயத்துல பேசுங்க, சம்மதம் வாங்குங்க, அதைத் தீர்மானமா கிராம சபைக்குக் கொண்டு வாங்க.

இடம்தான் அடுத்த தலைவலி. ஏரியை ஒட்டினா பறவைகள் சரணாலயம், கடலை ஒட்டினா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். நடுவுல மிச்சம் இருக்கிறது வலை காயப் போடற இடம். அதைப் பிடுங்கி மைதானம் ஆக்கினா நம்ம வயித்துலயே நாம அடிச்சுக்கிற மாதிரி. அதனால கான்கிரீட் கட்டடம் கேட்காதீங்க. பள்ளிக்கூட நிலம், ஏற்கனவே ஊராட்சி கணக்குல இருக்கிற பழைய மைதானம், இதுல சர்வே எண் எதுன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட முதல்ல கேட்டு வைங்க. சர்வே எண் இல்லாத தீர்மானம் பாதி வழியில செத்துப் போகும்.

நிதிக்குழுப் பணம் வர்ற வரைக்கும் "நமக்கு நாமே" இருக்கு. மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் பங்களிப்பா காட்டினா மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிக்கு அஞ்சுல ஒரு பங்கு போதும். "எங்க ஊர்ல அவ்வளவு காசு ஏது?"ன்னு கேட்பீங்க. அந்தப் பங்கை நிறுவனமும் போடலாம். எண்ணூர்ல இருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வரிசையா நிற்குது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும், தொழில் நடக்கிற உள்ளூருக்கு முன்னுரிமை தரணும். கைப்பட எழுதின மனுவோட போகாதீங்க. கிராம சபைத் தீர்மான நகலோட போங்க, பதில் வேற மாதிரி இருக்கும். அதுக்காக ஏரியைப் பத்தின நம்ம கேள்விகளை விட்டுக் கொடுக்கணும்னு யாராவது சொன்னா, அந்தப் பணமே வேணாம்.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னாடி சில வேலை இருக்கு. போன்ல இ-கிராம் சுவராஜ் தளத்தைத் திறந்து, நம்ம மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தேர்ந்தெடுத்து, போன வருஷத் திட்டத்துல என்ன எழுதியிருக்காங்க, எவ்வளவு செலவாயிருக்குன்னு பாருங்க. இளைஞர் சம்பந்தமா ஒரு வரியாவது இருக்கான்னு தேடுங்க. அடுத்து ஆள் கணக்கு. 500 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சின்னா சபைக்கு 50 பேர் வரணும். 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர். இந்த எண்ணிக்கை சேரலைன்னா உங்க தீர்மானம் எவ்வளவு நல்லா இருந்தாலும் செல்லாது. விடியற்காலை ஏரிக்குப் போனவங்க திரும்பி வர்ற நேரத்துக்குச் சபையை வைக்கச் சொல்லி இப்பவே தனி அலுவலர்கிட்ட எழுத்துல கொடுங்க.

தீர்மானத்தை வீட்டுலயே எழுதிக் கொண்டு போங்க. இவ்வளவு போதும்: "எங்கள் ஊராட்சியில், இந்த சர்வே எண்ணில் உள்ள மைதானத்தைச் சமன்செய்து, 400 மீட்டர் ஓடுபாதை, நான்கு விளக்குகள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை அமைக்கவும், இதை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும் இச்சபை தீர்மானிக்கிறது." படிச்சு முடிச்சதும் உட்கார்ந்துடாதீங்க. தீர்மானப் புத்தகத்துல அது எழுதப்பட்ட பிறகு, அதைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. வருகைப் பதிவுன்னு வெத்துப் பக்கத்தை நீட்டினா போடாதீங்க. போட்டதும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

எந்த ஊர்ல தீர்மானம் ஏறுச்சோ அந்த போட்டோவை இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. ஏறாத ஊர்க்காரங்களும் எழுதுங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு அப்படியே எழுதுங்க. அடுத்த கூட்டம் அதை வெச்சுத்தான்.