குண்டுப் பிள்ளையும் சீனியும்



ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கம் பிள்ளை பிறந்தால் முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" என்பதுதான். நிறை குறைந்த பிள்ளைகளைக் கண்டு பயந்த தோட்டங்களில், மூன்று கிலோ என்றால் சந்தோஷம் வருவது நியாயம்தான். ஆனால் நாலு கிலோவைத் தாண்டினால், "தாய்க்குச் சீனி இருந்ததா?" என்று டாக்டர் கேட்பார்.

தாயின் இரத்தத்தில் கூடிய சீனி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும்; தாயின் இன்சுலின் போகாது. வந்து சேர்ந்த சீனியைச் சமாளிக்கப் பிள்ளையே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். கொழுப்பு ஏறி உடம்பு பெருக்கும். பிரசவத்தில் தோள் சிக்கலாம், சிசேரியன் தேவைப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும். பிள்ளையின் இன்சுலின் உடனே அடங்காது. அதனால் பிறந்த சில மணித்தியாலங்களில் பிள்ளையின் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

2008இல் வெளியான ஹாப்போ ஆய்வு, 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்தது. 'இதுவரை பயமில்லை' என்று ஒரு கோடு போட முடியவில்லை. சீனி ஏற ஏறச் சிக்கலும் ஏறியது. அதன்பிறகு வந்த அளவுகள்தான் இவை (மி.கி./டெ.லீ.): வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டாவதில் 153. ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவுதான்.

"தாகமில்லை, மயக்கமில்லை, நான் மெலிவுதானே" என்று இருந்துவிடாதீர்கள். இந்தச் சீனி பெரும்பாலும் அடையாளமே காட்டாது. 24 முதல் 28 வாரத்துக்குள் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதற்கு முன்பே கிளினிக் மிஸ்ஸி சொன்னால் அப்போதே சோதனைக்குப் போங்கள்.

சோதனைக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். பச்சைத்தண்ணி குடிக்கலாம். விடியக்காலையில் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு ஒரு வாய் பிளேன்டி குடித்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். ரொட்டியைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள். கடைசி இரத்தம் எடுத்ததும் சாப்பிடலாம்.

சீனி இருந்தால் பட்டினி கிடக்காதீர்கள். பிளேன்டிச் சீனியை விடுங்கள். கோதுமை ரொட்டியைக் குறைத்து, பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். அதிலும் அடங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள்.

மாமியார்மாரே, கணவன்மாரே, சோதனை அன்றைக்கு ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். பிரசவத்தோடு சீனி இறங்கினாலும், பிந்திய காலத்தில் திரும்ப வரக்கூடும். ஆகவே பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போடப் போகும்போது, தாயின் சீனியையும் எப்போது, எங்கே பார்ப்பது என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள்.