தாங்கல் நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்?

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆலயம் எழும்பிய வரலாற்றை எமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நாம் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறோம். நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற வாய்க்காலைப் பற்றி. சாமியாருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி வைக்கும் சிற்றேரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் இந்த இனத்துப் பெயர்கள்தாம். நம் முன்னோர் ஏரிகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தியே அமைத்தார்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும். ஏரி நிரம்பிவிட்டால் கலங்கல் வழியே வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரே திரண்டு வாய்க்காலைத் தூர்வாரும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வயல்கள் மனைகளானபோது மதகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மழை நிற்கவில்லையே, கலங்கலுக்கு வேலை எப்படி இல்லாமல் போகும்?

நம் பக்கத்துப் போரூர் ஏரி நிரம்பினால், உபரி நீர் மதனந்தபுரம், முகலிவாக்கம் பக்கமாக ஓடி, மணப்பாக்கம் கால்வாயில் கூடி, அடையாற்றில் சேர்கிறது. அந்த அடையாறு நமக்கு அந்நியமானதன்று. அப்போஸ்தலர் புனித தோமையார் தங்கியதாகப் பாரம்பரியம் கூறும் சின்னமலை அதன் கரையருகே உள்ளது. அங்கே சைதாப்பேட்டையில் 1726-ஆம் ஆண்டு ஆற்றின் மேல் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்த புண்ணியவானும் அவரே. இன்று அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

அந்தப் பாலத்தையே வெள்ளம் மூடிய நாள் 2015 டிசம்பரில் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பேய்மழையில் அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அது திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்தது. ஆறு விளிம்பு வரை நிரம்பி ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் அதில் இறங்க வழியேது? வந்த வழியே திரும்பி வீடுகளுக்குள் ஏறும். ஆற்றிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம் என்று நிம்மதியாய் உறங்கியவர்களின் கட்டில் நனைந்தது இவ்விதமாகத்தான். ஆறு அப்படிக் கரைபுரளாத ஆண்டிலும் கால்வாய் அடைத்திருந்தால் இதே கதிதான். 2021 நவம்பரில் முகலிவாக்கம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மீண்டும் நினைவூட்டிற்று.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டியவர்களை நாம் குறை சொல்லவில்லை. மனை பிரித்தவர் அழகான வரைபடம் காட்டினார், வாய்க்காலைக் காட்டவில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு மனை பார்க்கிறவர்கள், தரகரின் பேச்சோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று புலப்படத்தையும் பாருங்கள். அருகில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு கோடு ஓடுகிறதா என்று கேளுங்கள். கோடையில் அங்கே முள்செடிதான் தெரியும்.

இவ்வளவு அவமதிப்புக்குப் பிறகும் அந்த நீரில் உயிர் இருக்கிறது என்பதே நமக்கு வியப்பு. சம்புப் புல்லுக்குள் நாமக்கோழி குஞ்சு பொரிக்கிறது. நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்கிறது. மீன்கொத்தி மின்கம்பியில் காத்திருக்கிறது. விரால் குறைந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டை பெருகிவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையும் அப்படியே. ஊதா நிறப் பூவைப் பார்த்து மயங்காதீர்கள், நீரோட்டத்தை மறிப்பது அதுதான். அதோடு நம் வீட்டுப் பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்துகொள்கின்றன. விழா அலங்காரத்தின் தெர்மோகோல் உட்பட என்பதைச் சங்கத்தார் கவனிக்க வேண்டும்.

சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாமான் யோர்தானைக் கண்டு முகம் சுளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். குணமானது என்னவோ அந்தச் சிற்றாற்றில்தான்.

ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்குப் பின், போரூர் ஏரிக் கலங்கலிலிருந்து அடையாறு வரை கால்வாயோரமாக நடக்க இருக்கிறோம். இளைஞர் இயக்கத்தினர் நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். எங்கெங்கே அடைப்பு இருக்கிறது என்று குறித்து, நீர்வளத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் மனுவாகக் கொடுப்போம். பழைய வாய்க்கால் எந்தத் தெருவுக்கு அடியில் போயிற்று என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் நம் பங்கில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நடக்க வைக்க வேண்டாம், ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் பூசை முடிந்ததும் உபதேசியாரைப் பாருங்கள்.