தலையெழுத்தும் திறந்த கதவும்

(வண்ணாத்திவில்லில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் பேசுபவன் நாவலைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் வியக்கலாம். வியப்பு வேண்டா. வீட்டிற்குள் நீதி நிலவுகின்றதா என்னும் வினாவும் அரசியலே.

கல்கத்தாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர் சித்ரா பானர்ஜி திவாகருணி. 1999ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் ‘சிஸ்டர் ஒவ் மை ஹார்ட்’. ‘என் நெஞ்சின் சகோதரி’ என்பது அதன் பொருள். சுஹாசினி மணிரத்னம் அதனை ‘அன்புள்ள சிநேகிதியே’ என்னும் தமிழ்த் தொலைக்காட்சித் தொடராக்கினார்.

அஞ்சுவும் சுதாவும் ஒரே நாளிற் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். தந்தையர் இருவரும் மாணிக்கக்கல் தேடிச் சென்று மறைந்தனர். குழந்தை பிறந்த இரவிலே விதாதா வந்து அதன் விதியைத் தீர்மானிப்பான் என்று அத்தை கதை சொல்கின்றாள். சுதா நம்புகின்றாள், அஞ்சு மறுக்கின்றாள். நனவோடு இவ்வாறு மாயம் கலக்கும் எழுத்தை மாய யதார்த்தம் என்பர் திறனாய்வாளர். நமக்கோ அது புதிதன்று. குதிரைமலையில் அல்லி அரசாணி ஆண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்!

ஆனால் நாவலின் உயிர் மாயத்தில் இல்லை. அவ்விரு பெண்களின் சிக்கலான பாசத்திலே இருக்கின்றது. தன் தந்தையைப் பற்றிய இரகசியமொன்றைச் சுதா அறிகின்றாள். தான் அஞ்சுவுக்குத் தீராக் கடன்பட்டவள் என்று எண்ணுகின்றாள். அஞ்சுவின் திருமணம் தடைப்படாதிருக்கத் தன் காதலையே துறக்கின்றாள். அந்தோ! அஞ்சுவின் கணவனது பார்வை சுதாவின்மேல் விழுகின்றது. அஞ்சு அதனைக் கண்டுவிடுகின்றாள். அன்பும் அழுக்காறும் ஒரே கிணற்றில் ஊறுகின்றன.

பங்கு வழக்குகளில் நான் காண்பதும் இதுவே. ஒரு வயிற்றிற் பிறந்த பெண்கள் பத்துத் தென்னைகளுக்காகப் பல்லாண்டு பேசாதிருப்பர். வழக்கேட்டிலே தென்னை இருக்கும். நெஞ்சிலே ‘அவளுக்குச் சீதனம் கூடக் கொடுத்தார்கள்’ என்னும் பழம்புண் இருக்கும். 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் நிலத்தைப் பிரிக்கும். புண்ணை ஆற்றும் சட்டம் எங்கே உண்டு?

மேலும் கேளுங்கள். சுதாவின் வயிற்றில் வளர்வது பெண் என்று பரிசோதனையில் தெரிகின்றது. கருவை அழிக்கவேண்டும் என்கின்றாள் மாமியார். கணவன் வாய்திறவான். சுதா எவரும் அறியாது வெளியேறுகின்றாள்.

கருவின் பாலினம் அறிந்து கூறுவதைத் தடுக்க இந்தியப் பாராளுமன்றம் 1994இலேயே சட்டம் இயற்றிற்று. பயன் என்ன? ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்களுக்கு 2001இல் 927 பெண்களே இருந்தனர். 2011இல் அத்தொகை 920க்கும் கீழிறங்கிற்று. சட்டம் வேண்டும், அதற்காக நான் என்றும் வாதாடுவேன். ஆயினும் ஓடிவரும் பெண்ணுக்குக் கதவைத் திறப்பது சட்டப்புத்தகமன்று, மனிதக் கை.

சுதாவைப் பெற்ற தாயே, “திரும்பிப் போ” என்கின்றாள். அஞ்சுவின் தாயோ அவளை ஏற்றுக்கொள்கின்றாள். அமெரிக்காவிலிருக்கும் அஞ்சு, தானும் கருவுற்றிருந்தும், சுதாவின் பயணச் செலவுக்காகக் கணவனறியாது வேலைக்குப் போகின்றாள். தன் குழந்தையை இழக்கின்றாள். சுதாவின் பெண் பிறக்கின்றாள். கணவனின் பார்வை எங்கே விழுந்தது என்று அறிந்தும் அஞ்சு சுதாவைத் தன் வீட்டிற்கு அழைத்தாளே, அதுதான் இந்நாவலின் பெருமை! பொறாமையே இல்லாதவள் செய்த உதவியன்று அது; பொறாமையை வென்றவள் செய்தது.

இவ்வூரிலும் சகோதரிகள் உள்ளனர். பெற்றோரே, உங்கள் பெண்களுக்கு எதைக் கொடுத்தாலும் அனைவரையும் அருகிருத்திப் பேசிக் கொடுங்கள். உயிரோடிருக்கும்போதே நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதுங்கள். மறைத்துக் கொடுத்த காணி, மறுதலைமுறைக்குப் பகையாக முளைக்கும். சகோதரிகளே, கண்ணீரோடு வருபவளிடம் பழங்கணக்குக் கேளாதீர்கள். முதலிற் கதவைத் திறவுங்கள்.

தலையெழுத்தை எவன் எழுதினானோ நானறியேன். கதவின் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கின்றது.