கைக்கடிகாரம் சொல்லும் இரத்த அழுத்தம்



மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இரத்த அழுத்தத்தை அளப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1896ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி அந்தப் பட்டைக் கருவியை அமைத்தார். 1905ஆம் ஆண்டில் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே நாடியில் எழும் ஓசையைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் அறியும் வழியைக் கண்டார். இன்று பட்டையே இல்லாமல் கைக்கடிகாரம் அந்த எண்களைக் காட்டுகிறது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறியது. ஆகவே, கடிகாரம் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது நம் வீட்டுக் கேள்வியாகும்.

பட்டை இரத்தக் குழாயை அழுத்திப் பார்த்து அளக்கிறது. கடிகாரம் அப்படிச் செய்வதில்லை. அதன் அடியிலிருந்து ஒளி தோலுக்குள் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அங்குள்ள இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த அலையின் வடிவத்தை வைத்து, அழுத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று கடிகாரம் கணக்கிடுகிறது. குளிரினாலும் மருந்தினாலும் குழாய்கள் சுருங்கி விரியும்போது அலையின் வடிவமும் மாறிவிடும், கணக்குத் தவறக்கூடும்.

இதனால்தான் இத்தகைய கடிகாரங்கள் பலவற்றுக்கு அளவுத் திருத்தம் தேவைப்படுகிறது. 2020இல் தென் கொரியாவில் அனுமதி பெற்ற சாம்சங் கடிகார முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் பட்டைக் கருவியால் அளந்து, அந்த எண்களைக் கடிகாரத்துக்குக் கொடுக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இங்கேதான் நாம் ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. காலையில் 130 என்று பதிவு செய்த கடிகாரம், மாலையிலும் 130ஐ ஒட்டியே காட்டுகிறது. பட்டையும் அதையே காட்டினால், “ஆகா, எவ்வளவு துல்லியம்!” என்று வியக்கிறோம். விடையை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வெழுதிய மாணவனைப் பாராட்டுவது போன்றதுதான் இது. அழுத்தம் மாறும்போது கடிகாரமும் அந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறதா என்பதே உண்மையான சோதனை.

ஐரோப்பிய இரத்தக் கொதிப்புச் சங்கம் 2023இல் இதற்கான சோதனைகளை வகுத்தது. கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். உறக்கத்திலும் உடற்பயிற்சியிலும் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய பிறகும், அடுத்த அளவுத் திருத்தத்துக்குச் சற்று முன்பும் பார்க்க வேண்டும். நோயைக் கண்டறியவும் மருந்தைத் தீர்மானிக்கவும் பட்டையில்லாக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அச்சங்கம் அதே ஆண்டில் அறிவுறுத்தியது.

இது வெறும் எண் விவகாரமன்று. ஒருவருடைய அழுத்தம் 160க்கு ஏறியிருக்க, கடிகாரம் பழைய 130ஐயே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் மாத்திரையைக் குறைத்துவிடலாம். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியோ அடையாளமோ காட்டாது. பக்கவாதம் வந்த பிறகு விழித்துப் பயன் என்ன?

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிவதா? வேண்டாம். அது தரும் எச்சரிக்கையை, அளந்து பார்க்கச் சொல்லும் நினைவூட்டலாகக் கொள்ளுங்கள். ஆப்பிள் கடிகாரத்தில் 2025இல் வந்த இரத்தக் கொதிப்பு எச்சரிக்கை எண் எதையும் காட்டுவதில்லை. ஏழு நாள் பட்டையால் அளந்து பாருங்கள் என்றே சொல்கிறது. எச்சரிக்கை வரவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

வீட்டில் அளப்பதற்கு, மேற்கையில் கட்டும், கைக்குப் பொருத்தமான பட்டை நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.