பெண்டிர் பெயரும் அடைமொழியும்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. படகில் ஏறும் மூதாட்டியை அங்குள்ளோர் ‘ஆச்சி’ என்பர். நடுவயதினளை ‘அக்கா’ என்பர். இளையவளைப் ‘பிள்ளை’ என்பர். இவ்விளிகளிலே வயதும் உறவும் உண்டு; மணமானவளா என்னும் வினா இல்லை. ஆயினும், அதே நயினாதீவுப் பெண் வேலணையிலே அரச அலுவலகப் படிவமொன்றை நிரப்பும்போது, ‘செல்வியா, திருமதியா?’ என்னும் கேள்வி எதிர்ப்படுகிறது. இது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்திலே மிஸ், மிஸிஸ் ஆகிய இரண்டும் ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே சொல்லின் குறுக்கங்கள். இல்லத்தையும் ஏவலாளரையும் ஆளும் தலைவி என்பதே அதன் பொருள். 18 ஆம் நூற்றாண்டிலே மதிப்புக்குரிய பெண், மணமாகாதவளாயினும், மிஸிஸ் என்றே அழைக்கப்பட்டாள். மிஸ் என்பது முதலிற் சிறுமியர்க்கே வழங்கிற்று. பின்னரே இவை மணநிலையைக் காட்டும் குறிகளாயின. ஆணுக்குரிய மிஸ்டரோ என்றும் ஒன்றே. இருசாரார்க்கும் பொதுவான அடைமொழியொன்றை 1901 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரப் பத்திரிகை முன்மொழிந்தது; அது பரவியது 1970களிலேதான்.

யாழ்ப்பாணமும் மிஸ் என்ற சொல்லை மிஷன் பள்ளிகளில் அறிந்தது. 1840 இல் வந்த எலிஸா அக்னியூ, மணஞ்செய்யாமலே ஏறக்குறைய 40 ஆண்டுகள் உடுவில் மகளிர் பள்ளிக்கு உழைத்தார். அந்த மிஸ் அக்னியூவே ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ எனப் போற்றப்பட்டார்.

தமிழ்ச் சொற்களின் பொருளையும் நோக்குதல் தகும். செல்வி என்றால் செல்வமுடையவள். ஸ்ரீமதி என்னும் வடசொல்லை ஒட்டிய திருமதிக்கும் திருவுடையவள் என்பதே பொருள். மணம் என்ற பொருள் இரண்டிலும் இல்லை. ஆங்கில அடைமொழிகளுக்கு நிகராக நிறுத்தப்பட்டபோது அவ்வேறுபாடு இவற்றின்மீது உறுதியாக ஏறிற்று.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2009 இல் முடிவுற்ற போர், கணவர் இருக்கிறாரா இல்லையா என அறியாத மனைவியர் பலரை வடபகுதியிலே விட்டுச்சென்றது. மரணச் சான்றிதழ் கேட்க மனம் ஒப்பாதோருக்காக, காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிசெய்தது. அவர்களது நிலையைச் சட்டமே இவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, பெயருக்கு முன்னுள்ள சிறுசொல் அதனை எவ்வாறு சொல்லிவிட முடியும்?

படிவம் வகுப்போர் அவ்விடத்தை அவரவர் விருப்பத்துக்கு விடலாம். மதிப்புக் குறையும் என்ற அச்சம் வேண்டியதில்லை. தீவகத்து ஆச்சிமார் எவ்வித அடைமொழியுமின்றியே ஊரின் மதிப்பைப் பெற்று வாழ்கின்றனர்.