மக்காச்சோளமும் மோட்டார் எரிபொருளும்



அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளமே தலையாய பயிர். அறுவடைக் காலத்தில் அனைவரும் ஒருங்கே விற்க முற்படுவதால் விலை வீழ்வது அங்கும் வழக்கமே. தானியத்தைத் துறைமுகம்வரை கொண்டு செல்லும் கூலியும் விளைவித்தவன் தலையில்தான் விழும். ஆகவே அயோவா, மினசோட்டா மாநிலங்களில் உழவர் பலர் பங்குப் பணம் செலுத்தித் தங்கள் ஊர்ப்புறத்திலேயே எத்தனால் ஆலைகளை நிறுவினர். எத்தனால் என்பது பெட்ரோலுடன் கலக்கும் எரிசாராயம். அதைக் குடிக்க இயலாதவாறு ஆலையிலேயே வேறு பொருள் கலந்துவிடுகின்றனர். மதுவிலக்கில் அக்கறையுள்ள அன்பர்கள் கலங்க வேண்டுவதில்லை.

100 கிலோ மக்காச்சோளம் ஏறத்தாழ 40 லிட்டர் எத்தனால் தருகிறது. மாவுச்சத்து மட்டுமே சாராயமாக மாறுகிறது. புரதமும் கொழுப்பும் நாரும் சக்கையில் தங்குகின்றன. இவ்வாறு கிடைக்கும் 30 கிலோ அளவான உலர்ந்த சக்கை மாடுகளுக்கு நல்ல தீவனம். ஆலைக்கு அருகில் மாடு வளர்ப்போர் அதை ஈரத்தோடு வாங்கிச் செல்வதால் உலர்த்தும் செலவும் மிச்சமாகிறது. பங்கு வைத்த உழவனுக்குத் தானிய விலையோடு ஆலை இலாபத்திலும் பங்கு உண்டு. ஊருக்கு வேலையும் வரியும் கிடைக்கின்றன. நாம் பெரிதாக மதிப்பது இந்தப் பங்குரிமையையே. வெளியூர் முதலாளியின் ஆலையாயின் இலாபம் ஊரைவிட்டுப் போய்விடும்.

பெட்ரோலில் இவ்வளவு தாவர எரிபொருள் கலக்க வேண்டும் என்று 2005-லும், அதனினும் மிகுதியாக 2007-லும் அந்நாட்டுச் சட்டங்கள் விதித்தன. இன்று அங்கு விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைகளுக்குச் செல்கிறது. விலை உயர்ந்தது, நிலத்தின் விலையும் குத்தகையும் உடன் உயர்ந்தன. 2012-ல் பெரு வறட்சி வந்து தானிய விலை உச்சத்தைத் தொட்டபோது சில ஆலைகள் நின்றன. கோழி, பன்றி வளர்ப்போர் தீவனச் செலவால் தவித்தனர். 2014-ல் விலை சரிந்தது. குத்தகையோ அவ்வளவு விரைவில் இறங்கவில்லை. சொந்த நிலமில்லா உழவர் பட்ட பாடு சிறிதன்று.

நம் நாட்டிலும் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. மக்காச்சோளமும் இதற்குப் பயன்படுகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் அதுவே தீவனம். ஆலைக்காரரும் பண்ணைக்காரரும் போட்டியிட்டு வாங்கினால் உழவருக்கு நன்மை. முட்டைத் தொழிலுக்கு நெருக்கடி. நம் பகுதியில் ஆலை அமைக்க எவரேனும் முன்வந்தால், உழவருக்குப் பங்கு உண்டா, சக்கை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பஞ்சாயத்தார் முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர் ஆலைக்குத் தேவைப்படுகிறது. அந்நீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கப்படும் என்பதையும் எழுத்தில் பெறுதல் நலம்.