வேருக்குத் துணை யார்?
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வேரின் பணி என்ன என்று கேட்டால், "நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சுதல்" என்று நம் மாணவர்கள் தயங்காமல் சொல்வார்கள். நானும் அந்த விடைக்குப் பல ஆண்டுகள் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "பூஞ்சைன்னா நோய்தானே டீச்சர்? அப்புறம் ஏன் எங்கப்பா 'வேம்'னு பூஞ்சையைக் காசு கொடுத்து வாங்கி வெங்காயத்துக்குப் போடுறாங்க?" நான் சொல்லிக்கொடுத்தது பாதிதான் என்று அன்று புரிந்தது.

பெரும்பாலான தாவரங்களின் வேர்கள் தனியாக உழைப்பதில்லை. பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்தே உழைக்கின்றன. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் இக்கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். மண்ணில் பாஸ்பரஸ் எளிதில் நகராது. வேரை ஒட்டியிருப்பது தீர்ந்ததும், பூஞ்சை இழைகள் சில சென்டிமீட்டர் தள்ளிப் போய் அதைக் கொண்டுவந்து தருகின்றன. அதற்குக் கூலியாகச் செடி, தான் தயாரித்த உணவில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

எல்லா வேரிலும் ஒரே பூஞ்சையா? இல்லை. அதை முடிவு செய்வதில் முதல் பங்கு செடிக்கு. சோளம், மக்காச்சோளம், பயறு, வெங்காயம் ஆகியவற்றில் பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே கிளைவிடும். பைன் மரத்தில் வேறு வகைப் பூஞ்சை வேர்நுனியை உறைபோல் போர்த்திக்கொள்ளும். கடுகும் முட்டைக்கோசும் பொதுவாக யாரையும் சேர்ப்பதில்லை. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் கன்றுகள் பல ஆண்டுகளாகத் தேறவே இல்லை. அங்கே பூஞ்சை இல்லாமல் இல்லை. பைனுக்கு உரிய பூஞ்சைதான் இல்லை. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே கன்றுகள் தழைத்தன.

அடுத்த பங்கு மண்ணுக்கு. பாஸ்பரஸ் நிறைந்த மண்ணில் செடிக்குக் கூலியாள் தேவையில்லை, பூஞ்சையைக் குறைத்துக்கொள்ளும். அமிலத்தன்மை, நீர் தேங்குதல், உழவு ஆகியவையும் எந்தப் பூஞ்சை நிலைக்கும் என்பதை மாற்றும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரிசல் நிலங்களில், களைகூட இல்லாமல் ஓராண்டுக்கு மேல் தரிசாகக் கிடந்த வயலில் விதைத்த பயிர்கள் குன்றிப்போயின. ஓய்வெடுத்த நிலம் நன்றாக விளையும் என்றுதானே நினைப்போம்? வேரே இல்லாத நிலத்தில் அந்தப் பூஞ்சைகள் குறைந்துவிட்டன. பயிருக்குப் பாஸ்பரசும் துத்தநாகமும் எட்டவில்லை.

இதை வகுப்பறையில் காட்ட நான்கு தொட்டிகள் போதும். டி.ஏ.பி. போன்ற உரம் இடாத தோட்டத்து மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை நீங்களே ஆவியில் நன்றாக அவித்து ஆறவிடுங்கள். அவித்த மண்ணில் ஒரு தொட்டி வெங்காயம், ஒரு தொட்டி கடுகு. அவிக்காத மண்ணிலும் அதேபோல். விதைகளையே விதையுங்கள். வாரம் ஒருமுறை உயரத்தையும் இலைகளையும் மாணவர்களே அளந்து எழுதட்டும்.

"அவித்தால் பூஞ்சை மட்டுமா சாகும்? மண்ணின் சத்தும் மாறுமே?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்டால் பாராட்டுங்கள். கடுகை வைத்ததே அதற்காகத்தான். கடுகுக்குப் பூஞ்சைத் துணை இல்லை. ஆகவே அவித்ததால் வந்த மற்ற மாற்றங்களைக் கடுகு காட்டும். கடுகு குன்றாமல் வெங்காயம் மட்டும் குன்றினால், பூஞ்சை இல்லாத குறை என்று ஊகிக்கலாம். முடிவு வேறாக வந்தால் திருத்தாதீர்கள். வந்ததை அப்படியே எழுதச் சொல்லி, காரணம் தேட விடுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மாணவிக்கு மறுநாள் நான் சொன்ன விடை இதுதான்: "உங்கப்பா வாங்குவது நோயை இல்லம்மா, வேருக்குத் துணையை. ஆனால் அந்தத் துணை எந்தச் செடிக்கு, எந்த மண்ணில் என்று பார்த்துத்தான் போட வேண்டும்."

இனி வேரின் பணியைக் கற்பிக்கும்போது, அந்த விடையோடு 'பூஞ்சையின் துணையுடன்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக்கொள்வோம்.